தகர வேலிக்கு முன்னால்

எங்கள் தெருவைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். மட்டாஞ்சேரியில் இப்போது அதுதான் பெரிய தொழில். காலையில் குப்பையைக் கொட்ட வெளியே வந்தால் எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கேமராவும் கையுமாக நிற்கும். கூட வந்திருக்கும் வழிகாட்டி, இங்கே பல நூறு வருஷமாக எதுவுமே மாறவில்லை என்று ஆங்கிலத்தில் அடித்து விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுக்குக் கிடங்கு காப்பிக் கடையாகிவிட்டது. மிளகு மூட்டை அடுக்கியிருந்த மாடியில் ஏ.சி. போட்ட அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இடப்பள்ளிப் பக்கம் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனாலும் சுவர்கள் நிற்கின்றன. ஓடுகள் அதே ஓடுகள். நான் பிறந்த வீடு எது என்று யாராவது கேட்டு வந்தால் கை நீட்டிக் காட்டிவிடலாம். நான் குடும்பம் நடத்திய வீட்டை அப்படிக் காட்ட முடியாது. அது இருந்த தெருவே இல்லை.

அது கடலுக்கு அந்தப் பக்கம், பாலைவனத்தில் இருந்தது. நகரத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே எந்த நகரத்தில் எந்தப் பேட்டையில் இருந்தவளைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

என் வீட்டுக்காரர் பாலக்காட்டுத் தமிழர். அங்கே கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமான கையோடு நானும் போனேன். விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முன்னால் நின்றது. ஏன் இங்கே நிறுத்தினான் என்று பார்த்தால், அதற்கு மேல் ரோடு இல்லை. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மணல், மணலுக்குப் பிறகு மணல், தூரத்தில் யாருடையவோ ஆடுகள். கடலும் காயலும் பார்த்து வளர்ந்தவளை இப்படிக் கொண்டுவந்து விட்டாரே என்று முதல் வாரம் முழுக்க அவரோடு சண்டை போட்டேன். ஜன்னல் விளிம்பில் தினமும் மணலைத் துடைப்பேன். மறுநாள் அதே அளவு மணல் வந்து உட்கார்ந்திருக்கும்.

பிறகு எதிரே ஒரு குழி தோண்டினார்கள். குழி கட்டடமானது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆடுகள் எந்தப் பக்கம் போயின என்று தெரியவில்லை. ரோடு எங்களைத் தாண்டிப் போனது, விளக்குக் கம்பங்கள் போயின, ஒரு பள்ளிவாசல் வந்தது, தையல் கடை, சாயாக்கடை, ரொட்டி அடுப்பு எல்லாம் வந்தன. ஊருக்குக் கடைசியில் இருந்த நாங்கள் ஊருக்கு நடுவில் ஆனோம். இன்னும் சில வருஷத்தில் டாக்சிக்காரர்கள் எங்கள் பேட்டையைப் 'பழைய ஏரியா' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அப்போது ஒரு நரை கூட வரவில்லை. அதற்குள் என் தெரு கிழடாகிவிட்டது என்று சிரித்திருக்கிறேன். சிரிக்கும் விஷயம் இல்லை என்று அப்போது தெரியாது.

அந்தப் பேட்டைக்கு உயிர், எங்கள் கட்டடத்துக்கு எதிர் வரிசையில் இருந்த பக்காலா. மளிகைக் கடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நடத்தியவர் மலப்புறத்துக்காரர், எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். தயிர், வெற்றிலை, ஊரிலிருந்து வரும் கறிவேப்பிலை, இவற்றோடு எங்கள் அத்தனை பேர் வீட்டுச் சாவியும் செய்தியும் அவரிடம் இருந்தன. யாருக்கு என்ன சொல்ல வேண்டுமானாலும் பக்காலாவில் சொல்லிவிட்டுப் போனால் போதும். "மேல் மாடிக்காரர் வந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க" என்றால், மேல் மாடிக்காரர் சாயங்காலம் மருந்தோடு வந்து நிற்பார். காக்கா எதையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. ஒரு தடவை கூட மறந்ததுமில்லை.

யாருடைய பெயரும் யாருக்கும் தெரியாது. பெயருக்கு அங்கே வேலை இல்லை. நான் கீழ் வீட்டுத் 'தமிழத்தி'. அவர் தமிழத்தியின் வீட்டுக்காரர். தையல்காரர் பாய். இரண்டாம் மாடியில் இருந்த ஆலுவாக்காரி எல்லோருக்கும் இத்தா. நாங்கள் அக்கா என்கிற மாதிரி முஸ்லிம் வீடுகளில் இத்தா. அவள் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டினார், அவரை எல்லோரும் இக்கா என்போம்.

இத்தாவுக்குக் குழந்தை இல்லை. என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவள். எனக்கு மகள் பிறந்து சில மாதம் ஆனபோது முதல் தடவை எங்கள் கதவைத் தட்டினாள். குழந்தை அன்றைக்குக் காலையிலிருந்து வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது. பெற்றவள் நான் பேயாக நிற்கிறேன், அந்தக் கழுதை அவள் தோளில் கொட்டாவி விடுகிறது. எனக்கு எரிச்சலாக வந்தது என்பதை மறைக்க வேண்டாம்.

"நீ போய் ஒறங்கு. குட்டி என்கூட இருந்தோட்டே" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது. நான் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அங்கே வேலை காலையில் பாதி, சாயங்காலம் பாதி. நடுவில் வெயிலுக்காக மூடிவிடுவார்கள். இரண்டு பாதியிலும் குழந்தை இத்தாவிடம். நாங்கள் சைவம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளாகவே கண்டுபிடித்து, குழந்தைக்குக் கஞ்சி வைக்க மீன் படாத ஒரு சின்னச் சட்டியைத் தனியாக வாங்கி வைத்தாள். அந்தச் சட்டியை அவள் வீட்டுக்காரர் கூடத் தொடக்கூடாது. மகளுக்குப் பல் முளைத்த பிறகு அவளே இத்தாவின் தட்டிலிருந்து மீனை எடுத்துத் தின்ன ஆரம்பித்தது வேறு கதை. இருவரும் சேர்ந்து அதை என்னிடம் மறைத்தார்கள். வாயை முகர்ந்தால் தெரியாதா? தெரியாத மாதிரி இருந்தேன்.

மகள் என்னை அம்மா என்றாள். அவளை இத்தம்மா என்றாள். அந்த வார்த்தையை யாரும் சொல்லித் தரவில்லை. என்னிடம் தமிழ், அவளிடம் மலையாளம். இரண்டாம் மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் இடையில் படியிறங்குவதற்குள் மொழி மாறிவிடும். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மத்தியானம் பஸ் பக்காலா முக்கில் வந்து நிற்கும். நான் வேலையிலிருந்து வந்து சேர நேரமாகும் என்பதால் இத்தாதான் நிற்பாள், கறுப்பு பர்தாவில், ஒரு குடையோடு, ஈரத் துண்டோடு. இறங்கியதும் மகள் பையை அவள் மேல் வீசுவாள், இவள் முகத்தைத் துடைப்பாள். அந்த வெயிலில் அவள் முன்னாலேயே வந்து நிற்பதைப் பார்த்துக் காக்கா உள்ளே வந்து உட்காரச் சொல்வாராம். "பஸ் வரும்போ நான் காணாம இருந்தா குட்டி பயக்கும்" என்பாளாம்.

மகளுக்கு ஏழு வயசாகும்போது மாடிப்படிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கட்டடத்தை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டப் போகிறார்கள். பள்ளிக்கூட வருஷம் முடிகிற வரை நேரம் இருந்தது. அங்கே யாரும் இதற்கெல்லாம் அழுவதில்லை, எங்கே வீடு கிடைக்கும் என்றுதான் பேச்சு. எங்களுக்குக் கம்பெனி ஒரு ஃபிளாட் தருவதாகச் சொன்னது, ஊரின் புதுப் பக்கத்தில், எந்தக் கட்டடம் என்று முடிவாகவில்லை. இத்தாவின் வீட்டுக்காரர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். சாமான்களைக் கம்பெனிக் கிடங்கில் போட்டுவிட்டு, கோடை விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குக் கிளம்பினோம்.

கிளம்பும் அன்றைக்கு நானும் இத்தாவும் படியில் உட்கார்ந்து பேசினோம். அவளுக்கு எங்கே வீடு கிடைத்ததென்று அவள் பக்காலாவில் சொல்லி வைப்பாள். திரும்பி வந்ததும் எங்கள் புது இடத்தை நான் பக்காலாவில் சொல்லுவேன். பிறகென்ன, லீவு நாளெல்லாம் மகள் அவளிடம். இவ்வளவுதான் ஏற்பாடு. வீடு போகும், தெரு போகும், பக்காலா இருக்கும் என்று இரண்டு பேரும் நம்பினோம். நோட்டீஸ் எங்கள் வரிசைக்கு மட்டும்தானே, எதிர் வரிசைக்கு இல்லையே. தட்டச்சு அடித்துச் சம்பாதித்தவள் நான், ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஊரில் உங்கள் வீடு ஆலுவாவில் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அங்கே இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், காக்கா இருக்கும்போது எழுதி வாங்குவது ஏதோ நம்பாத மாதிரி.

மகள் இத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு டாக்சியில் ஏற மாட்டேன் என்றாள். இத்தா அவளை ஏமாற்றித்தான் ஏற்றினாள். ஸ்கூல் திறந்ததும் பஸ்ஸுக்கு நான் வந்து நிற்பேன், நீ இறங்கி வா என்றாள்.

மழைக்காலம் முழுவதும் மட்டாஞ்சேரியில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனோம். எங்கள் பேட்டை இருந்த இடத்தில் நீளத்துக்குத் தகர வேலி. எங்கள் வரிசை மட்டுமில்லை, எதிர் வரிசையும் உள்ளே. பக்காலா இருந்த முக்கில் ஒரு பெரிய யந்திரம் நின்றது. பள்ளிவாசல் மட்டும் தனியாக நின்றது. வேலிக்குக் காவல் இருந்தவர் வங்காளி, அவருக்கு எதுவும் தெரியவில்லை. காக்கா கடையை மூடிக்கொண்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டார் என்று தையல் பாயை ஒருநாள் மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னார். எந்த நகரம் என்று அவருக்கும் தெரியவில்லை. பழைய வீட்டு ஃபோன் நம்பர் வீட்டோடு போய்விட்டது. புது ஃபிளாட்டில் லைன் வரவே குளிர்காலம் ஆயிற்று. வந்துதான் யாருக்குப் பண்ணுவது?

எங்களுக்கு ஓய்வு வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் மூவரும் போய் அந்த வேலிப் பக்கம் நின்று பார்த்தோம். தண்ணீர் லாரி நிற்கும் ஷெட்டுகளில் என் வீட்டுக்காரர் விசாரித்தார். எந்த இக்கா, பெயர் என்ன என்று கேட்டார்கள். ஊருக்கு வந்தபோது ஆலுவாவுக்கும் போனேன். கல்ஃபில் லாரி ஓட்டுகிறவர் வீடு என்று கேட்டால், எந்தத் தெருவில் இல்லை என்று திருப்பிக் கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போவது நின்றது. புதுப் பக்கத்தில் மகளுக்குப் பள்ளிக்கூடமும் மாறியது. எங்கள் கட்டடம் மறுபடியும் ஊருக்குக் கடைசிக் கட்டடம், ஜன்னலுக்கு வெளியே மணல். எல்லாம் முதலிலிருந்து.

மகள் அழவில்லை. மலையாளம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பள்ளியில் மற்ற மலையாளிக் குழந்தைகள் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நாங்கள் பேசினால் தமிழில். எதற்காக என்று கேட்டால் மறந்துவிட்டது என்பாள். ஏழு வயசுப் பெண் ஒரு பாஷையை எப்படி மறக்கும்? பிறகு களமசேரியில் காலேஜ் படிக்க வந்தபோது வேறு வழியில்லாமல் மறுபடி பேசினாள், யாரோ புதிதாகக் கற்றுக்கொண்டவள் பேசுகிற மாதிரி.

நாங்கள் ஓய்வு பெற்று மட்டாஞ்சேரிக்கு வந்த நேரத்தில் அவள் அதே பாலைவன நகரத்துக்கு வேலைக்குப் போனாள். உலகத்தில் வேறு ஊரே இல்லையா என்று கத்திப் பார்த்தேன். அங்கேயே கல்யாணமாகி அங்கேயே வீடு. போன வருஷம் ஒரு நாள் ஃபோனில் உண்டாகியிருப்பதைச் சொன்னாள். நான் சந்தோஷத்தில் அழுது முடிப்பதற்குள், "அம்மா, எனக்கு இத்தம்மா வேணும். எப்படியாவது கண்டுபிடி. குழந்தையை முதல்ல அவங்க கைல குடுக்கணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற தாய் குத்துக்கல் மாதிரி இங்கே இருக்கிறேன். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டேன்.

"நீ இருக்கேன்னு எனக்குத் தெரியும். அவங்க இருக்காங்களான்னு தெரியலையே" என்றாள்.

அவளே வழியும் கண்டுபிடித்தாள். அந்தப் பழைய பேட்டையில் இருந்தவர்கள் வாட்ஸாப்பில் ஒரு கூட்டம் சேர்த்திருக்கிறார்கள். பழைய கட்டடங்களின் படத்தைப் போட்டு ஆளாளுக்குப் பெருமூச்சு விடுவார்களாம். அதில் எங்கள் கட்டடத்தின் படத்தைப் போட்டு, இரண்டாம் மாடி இத்தா, தண்ணீர் லாரி இக்காவின் வீட்டுக்காரி, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். தையல் பாயின் மகன் பதில் போட்டான். இக்கா இறந்து சில வருஷம் ஆயிற்று, இத்தா ஆலுவாவில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள், ஆற்றுக்குப் போகும் வழியில் வீடு. அடையாளமெல்லாம் சொல்லியிருந்தான்.

முட்டு வலி என்று என் வீட்டுக்காரர் வரவில்லை. எனக்கும் தனியாகப் போவதுதான் பிடித்திருந்தது. படகுத்துறையிலிருந்து படகில் எறணாகுளம் போய் மெட்ரோ ஏறினேன். ஃபோனில் மகளின் படங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம், காலேஜ், கல்யாணம், வயிறு தெரிகிற மாதிரி எடுத்த சமீபத்துப் படம். எதை முதலில் காட்டுவது என்று இடப்பள்ளி தாண்டும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தது அவள்தான். தலையில் போட்ட தட்டத்துணிக்குள் முடி முழுக்க வெளுத்திருந்தது, கண்ணில் தடித்த கண்ணாடி. என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றாள்.

"தமிழத்தீ" என்றாள். "நீயோ?"

இரண்டு பேரும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதோம். தம்பி மனைவி பயந்துபோய் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். பிறகு உட்கார்ந்தோம். சாயா வந்தது, பழம்பொரி வந்தது. இத்தா பேசியது மலையாளம், ஆனால் என் காதில் அது எப்போதும் தமிழாகவே விழுந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். இக்கா எப்படிப் போனார் என்று சொன்னாள். என் வீட்டுக்காரரின் முட்டியைப் பற்றி விசாரித்தாள். காக்காவைப் பற்றி, ரொட்டி அடுப்புக்காரரைப் பற்றி, ஒழுகுகிற ஏ.சி.யைப் பற்றிப் பேசிச் சிரித்தாள். ஒரு தடவை மட்டாஞ்சேரிக்கு வந்தாளாம். கல்ஃபில் இருக்கிற தமிழ்க்காரர் வீடு என்று கேட்டிருக்கிறாள். எந்தத் தமிழ்க்காரர் என்று கேட்டார்களாம்.

மகளைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், "இன்னொரு பழம்பொரி எடு" என்பாள். பொறுக்க முடியாமல் நானே ஃபோனை எடுத்தேன். "குட்டி..." என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஃபோன் மேல் கையை வைத்து மூடினாள்.

"வேண்டா" என்றாள்.

"அவ உண்டாயிருக்கா, இத்தா. உங்களைக் கேக்கறா. இப்பவே ஃபோன்ல முகம் பாக்கலாம். பிரசவத்துக்கு நீங்க வரணும்னு சொல்றா."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை.

"நாங்க ஊரோட அந்தக் கோடியில ரூம் எடுத்தோம்" என்றாள். "ரெண்டு பஸ் மாறி வரணும். ஸ்கூல் திறந்த அன்னைக்கு வந்தேன். பாத்தா வேலி. சரின்னு வேலிக்கு முன்னால நின்னேன். பஸ் வரல. மறுநாளும் வந்தேன். வாரம் முழுக்க வந்தேன். இக்கா திட்டினார், நீ என்ன பைத்தியமா, வீடு மாறினா பஸ்ஸும் மாறும்னு. அது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். குட்டிக்குத் தெரியுமா? நான் வந்து நிப்பேன்னு சொல்லித்தானே ஏத்தி விட்டேன். என்னைத் தேடி எப்படியாவது அங்கே வந்து இறங்கிட்டா? அங்கே யாரும் இல்லாட்டா?"

"நாங்களும் வந்தோம் இத்தா" என்றேன். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து நின்னோம்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை ஸ்கூல் இல்லையே" என்றாள். "வெள்ளிக்கிழமை நான் எதுக்கு வரணும்?"

தம்பி மனைவி எதற்கோ உள்ளே வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். ஒரே வேலி, ஒரே முக்கு. நாங்கள் ஓய்வு நாளில் நின்றோம், அவள் பள்ளிக்கூட நாளில் நின்றிருக்கிறாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"அஸ்திவாரம் தோண்டறப்பவும் போனேன். தூண் எழும்பறப்பவும் போனேன். புதுசா வந்த காவல்காரன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அப்புறம் ஒரு நாள் பாக்கறேன், நம்ம மாடி இருந்த உயரத்துக்குக் கட்டிட்டாங்க. யாருக்கோ ஜன்னல் வெச்சிருக்காங்க. அன்னைக்கு இக்காட்ட சொன்னேன், என்னை நாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு. வந்து ரொம்ப நாள் படுத்துட்டேன். சோறு இறங்கல. எழுந்து உக்கார வெச்சது இக்காதான்."

ஃபோன் மேல் இருந்த கையை அப்போதுதான் எடுத்தாள்.

"அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். குட்டி எங்கயும் போகல. என்கிட்டதான் இருக்கு. ஏழு வயசு. காலைல எழுந்தா இருக்கும், மத்தியானம் சோறு உண்ணும்போது இருக்கும். எனக்கு அது போதும்னு ஆயிடுச்சு. நீ இப்ப ஒரு பெரிய பெண்ணைக் கொண்டுவந்து காட்டினா இவ எங்கே போவா? அந்தப் பெரியவ உனக்கு இருக்கா. இவளை எனக்கு விட்டுடு."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை வருஷமாகத் தேடுகிறோம், என் மகள் வயிற்றுப் பிள்ளையோடு காத்திருக்கிறாள், இந்தக் கிழவி என்ன பேசுகிறாள் என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் முகத்தில் பிடிவாதம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"அவகிட்ட நான் என்ன சொல்ல?"

"கண்டேன்னு மட்டும் சொல்லாதே" என்றாள். "கண்டேன்னு சொன்னா அவ வந்துடுவா. எனக்கு அவளைத் தெரியும்."

கேட் வரை கூட வந்தாள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டுவிடலாமா என்று நின்றேன். இனிமேல் அது எதற்கு என்று தோன்றியது. அவளும் என் பெயரைக் கேட்கவில்லை. மழை வரும் போலிருக்கிறது, சீக்கிரம் போ என்றாள்.

மெட்ரோ பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போது மகள் கூப்பிட்டாள். எடுக்காமல் விடலாமா என்று பார்த்தேன். நின்று மறுபடி அடித்தது.

"அம்மா, கண்டியா? இத்தம்மாதானா?"

"இல்லடி" என்றேன். "இது வேற யாரோ இத்தா. அந்தப் பையன் தப்பாச் சொல்லிட்டான்."

யாருக்காகப் பொய் சொன்னேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இத்தாவுக்காக என்றுதான் நம்புகிறேன். குழந்தையை முதலில் யார் கையில் கொடுப்பது என்ற விஷயத்தில் நான் அவ்வளவு பெருந்தன்மைக்காரி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"பரவால்லம்மா" என்றாள் மகள். "நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லல. சொன்னா திட்டுவே. நம்ம பழைய வீடு இருந்த இடம் எதுன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன். அதுக்கு மேல கட்டினதையும் இடிச்சுட்டு இப்ப என்னவோ கட்டறாங்க, தகரம் அடிச்சிருக்கு. ஆனா அந்தப் பள்ளிவாசல் அப்படியே இருக்கு. அதை வெச்சுப் பாத்தா பக்காலா முக்கு தெரியுது. இங்க வேலைக்கு வந்ததுலேர்ந்து ஆபீஸ் விட்டு வர்றப்ப சில நாள் அங்க இறங்கிடுவேன். கொஞ்ச நேரம் நிப்பேன்."

"எதுக்கு?" என்றேன்.

"சும்மாதான். நான் வருவேன்னு அவங்க எப்பவாவது வந்து பாத்தா?"

ரயில் வந்து நின்று கதவு திறந்தது. இத்தாவின் வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை. நான் திரும்பிப் போகவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான், பிள்ளைத்தாய்ச்சி, வெயிலில் நிற்காதே என்றேன்.